விசுவாசத்தில் சோர்ந்துபோன நான் மற்றவர்களுக்கு எப்படி முன்மாதிரியாக இருப்பது?

கேட்டவர் நிலைமை இது: பல வருஷமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறார், பாடகர் குழுவிலும் இருக்கிறார். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் கண் வரிகளின் மேல் ஓடுகிறது, மனசில் ஒன்றும் ஏறுவதில்லை. சபைப் பிள்ளைகள் தன்னைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள், அதனால் நடிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்கிறார்.

விட வேண்டாம். நடிக்கவும் வேண்டாம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சபையில் ஒரு பெரியவர் இறந்தால் நினைவு அட்டையிலோ கல்லறைக் கல்லிலோ அநேகமாக இந்த வசனம் வந்துவிடும்: "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." 2 தீமோத்தேயு 4:7, அப்போஸ்தலர் பவுல் சிறையிலிருந்து இளைய ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம். அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் களைப்பே அறியாத ஒருவர் பேசுவது போலத்தான் இருக்கும். அதே அதிகாரத்தை மேற்கொண்டு வாசித்துப் பாருங்கள். சீக்கிரம் என்னிடம் வா என்கிறார் பவுல். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான் என்கிறார். துரோவாவில் கார்ப்பிடம் வைத்துவிட்டு வந்த மேலங்கியையும் புத்தகங்களையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்கிறார். முதல் விசாரணையில் ஒருவரும் தனக்குத் துணை நிற்கவில்லை என்கிறார். முடிக்கப் போகும்போது, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று இன்னொரு தடவை.

சிறையில் குளிர், பேச ஆள் இல்லை. இதையெல்லாம் அவர் யாரிடம் சொல்கிறார்? தன்னைப் பார்த்து வளர்ந்த தீமோத்தேயுவிடம். ஓட்டத்தை முடித்தேன் என்று சொன்ன அதே கடிதத்தில், அதே பையனிடம், போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கேட்க அவர் வெட்கப்படவில்லை. இளையவன் கண்ட முன்மாதிரியில் அந்த மேலங்கியும் சேர்த்திதான்.

மாற்குவையும் கூட்டி வா என்கிறார். முன்பு ஊழியப் பயணத்தின் பாதியில் திரும்பிப் போனவர் மாற்கு. அதற்காகவே பவுல் அடுத்த பயணத்தில் அவரைச் சேர்க்க மறுத்தார். கடைசியில், அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். கொஞ்ச நாள் ஒதுங்கினால் கதை முடிந்துவிடும் என்ற பயம் இருந்தால் இதை வாசியுங்கள்.

எங்களுக்குப் பக்கத்து உதாரணம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடும் தூக்கமில்லாத ராத்திரிகளோடும் இருந்தார். அந்தப் படுக்கையில் இருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். நோயாளிகளுக்கு நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் வார்த்தைகள் அவருக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதனால் நோயில் கிடப்பவர்களுக்கு நோயில் கிடக்கும் தானே எழுதினார். சோர்ந்தவர்களிடம் பேச, சோர்வு தெரிந்த ஆளுக்குத்தான் வாய் உண்டு என்று எனக்கு அவரிடமிருந்து பட்டது.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் கஷ்டம் தீர்ந்த பிறகுதான் எழுந்து நிற்கிறார்கள். நடுவில் இருக்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் பாவம், விசுவாசம் என்றால் எப்போதும் கடைசிக் காட்சிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் அம்மா அப்படி இல்லை. அப்பா பக்கவாதத்தில் கிடந்த நாட்களில் பகல் முழுக்க அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, ராத்திரி குடும்ப ஜெபத்துக்குச் சேலையில் கை துடைத்துக்கொண்டே வந்து உட்காருவார். சில ராத்திரி ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு, "ஏல, இன்னைக்கு எனக்கு வாயே வரல, நீ பரமண்டல ஜெபம் சொல்லி முடி" என்பார். அவ்வளவுதான். விளக்கமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. ஜெபம் மட்டும் நிற்காது. நான் சத்தமாக ஜெபிக்கப் பழகியது அந்த ராத்திரிகளில்தான்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். சொந்த வார்த்தை வராத காலத்துக்குத்தான் எழுதி வைத்த ஜெபங்கள் இருக்கின்றன. நம் ஆராதனை முறைமையைப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது என்று வாலிபர்கள் கேலி செய்வார்கள். ஆனால் உள்ளே வறண்டு கிடக்கும்போது பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் சுற்றி நிற்கிற எல்லாரோடும் சேர்த்துச் சொல்ல முடிகிறதே, அது பெரிய உதவி. அவர்கள் குரல் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பாடகர் குழுவை விடாதீர்கள். சண்டே ஸ்கூலை வேண்டுமானால் கொஞ்ச நாள் வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் உங்கள் பாரத்தை இறக்க வேண்டாம், அது அவர்களுக்குத் தாங்காது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளிடம், "இந்த வாரம் எனக்கு ஜெபிக்க மனசே வரல, எனக்காக ஜெபியுங்க" என்று தாராளமாகச் சொல்லலாம். ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பே இல்லை என்றால், ஒரு டாக்டரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், மே மாதம் விபிஎஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி வரும். இந்த வருஷம் பாட்டு மட்டும் பார்த்துக்கொள்கிறேன், வகுப்பு வேண்டாம் என்று சபைப் போதகர் ஐயரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் சொன்னால் அது அவர் மனைவி ஐயரம்மா தலையில்தான் விழும்.