வாசகர் கேள்வி: ஆசை ஏன் அற்றுப்போயிற்று?

கேள்வி: எனக்கு வயது 39. திருகோணமலை உப்புவெளியில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். எட்டு மாதங்களாக இரவு வேலை. பகலில் தகரக் கூரையின் வெக்கையில் நான்கு மணி நேரம்கூட உறங்க முடிவதில்லை. தாம்பத்திய ஆசை அற்றே போய்விட்டது. விடுமுறை இரவுகளில் மனைவியின் காலடி கேட்டதும் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறேன். எனக்கு வேறு தொடர்பு இருக்குமோ என்று அவர் ஐயுறுகிறார். நண்பர் தந்த நீலக் குளிசையும் பயன் தரவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: முதலில், கண்ணை மூடிக்கொள்வதை நிறுத்துங்கள். எங்களுக்கு எழுதிய இதே சொற்களை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். காரணம் தெரியாத மௌனம்தான் அவரை வாட்டுகிறது. உங்கள் ஆண்மைக்கும் இதனால் எந்தக் குறைவும் இல்லை.

அந்தக் குளிசை பயன் தராததில் வியப்பில்லை. வயாகரா என்ற பெயரில் அறியப்படும் நீலக் குளிசையில் உள்ள சில்டெனாபில் என்னும் மருந்து ஆணுறுப்புக்குக் குருதி பாய்வதை எளிதாக்குமே தவிர, ஆசையை உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதை விழுங்கினால் குருதி அமுக்கம் உயிராபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடலாம் என்பதால், வைத்தியர் எழுதித் தராத எதையும் இனி வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நான்கு மணி நேர உறக்கமே. ஆசைக்குத் துணைநிற்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹோர்மோன் உறக்கத்தின்போதே உயர்கிறது. 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டுச் சோதித்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிறிய ஆய்வே ஆயினும், அதன் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. கூரையின் கீழ் சீலிங் அடிப்பது, யன்னலுக்குத் தடித்த திரை போடுவது, பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தை உறக்கத்துக்கென ஒதுக்குவது ஆகியவற்றையும், இயலுமானால் பகல் வேலைக்கு மாறுவதையும் குளிசைக்கு முன்னரே முயன்று பாருங்கள்.

ஆயினும் எட்டு மாதம் நீண்ட காலம். அரசினர் வைத்தியசாலையில் காட்டி, நீரிழிவு, தைரொயிட், கூடினால் ஆசையைக் குறைக்கும் புரோலக்டின் என்னும் ஹோர்மோன் ஆகியவற்றோடு டெஸ்டோஸ்டிரோனையும் பரிசோதிக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருப்பதால் குருதியை வழக்கமாகக் காலையில் எடுத்து, குறைவாக இருந்தால் இன்னொரு நாள் மீண்டும் பார்ப்பார்கள். உங்களுக்கு இரவு வேலை என்பதை மறவாமல் சொல்லுங்கள். மனச்சோர்வும், அதற்குத் தரப்படும் சில மருந்துகளும், மதுவும்கூட ஆசையைக் குறைக்கும் என்பதால் எதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொரு பிள்ளை வேண்டுமென்ற எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தால் தரப்படக்கூடிய டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.