ஒரே குத்தில் சாகாத எதிரி

கேள்வி: அக்கா, ‘அசாசின்ஸ் கிரீட்’ வீடியோ கேம் வரிசையில், எட்ஸியோ நாயகனாக வரும் கதை மூன்றையும் முடித்துவிட்டு நேராக ‘ஆரிஜின்ஸ்’ ஆரம்பித்தேன். பதுங்கிப் போய் முதுகில் குத்தினால் சிப்பாய் சாகாமல் திரும்பி அடிக்கிறான்! கேம் பழுதா, எனக்குத்தான் ஆடத் தெரியவில்லையா? அடுத்து எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

பதில்: கேமும் பழுதில்லை, உங்கள் கையும் தப்பில்லை தம்பி. நடுவில் ஆட்ட விதியையே மாற்றிவிட்டார்கள்.

2007இல் வந்த முதல் பாகத்தில் சண்டை என்றால் பாதி காத்திருப்புதான். எதிரி வாளை ஓங்கும்வரை தடுத்து நின்று, சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் ஆள் காலி. செந்தூலில் நான் சைபர் கஃபே வைத்திருந்தபோது பையன்கள் அதைச் சோம்பேறிச் சண்டை என்பார்கள். (தண்ணீரில் விழுந்தாலே அதன் நாயகன் அல்தாயிர் செத்துப்போவான். திட்டு அதிகம் விழுந்தது அதற்குத்தான்.) 2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் நீந்தலாம், கடையில் கவசம் வாங்கலாம், இரு கையிலும் மறைகத்தியால் (மணிக்கட்டுக்கடியில் ஒளிந்திருக்கும் கத்தி) ஒரே நேரத்தில் இருவரைச் சாய்க்கலாம். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை: நம்மைப் பார்க்காத சிப்பாயைக் குத்தினால் செத்தான். அந்த நிச்சயம் இருந்ததால்தான் கூரை கூரையாகத் தாவி, காவலர் நடையைக் கவனித்து, பொறுமையாகத் திட்டம் போட்டோம்.

2017இல் ‘ஆரிஜின்ஸ்’ அந்த நிச்சயத்தை எடுத்துவிட்டது. எதிரியின் தலைக்குமேல் ஓர் எண் தெரியும், பாருங்கள். அது உங்கள் லெவலைவிட ரொம்ப அதிகம் என்றால், மறைகத்தி அவன் உயிரில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். பக்கக் கதைகளை முடித்து லெவலை ஏற்றுங்கள், பொருள் சேர்த்துக் கத்தியை மேம்படுத்துங்கள், சாவான். அடிக்கும் பட்டனும் கன்ட்ரோலரின் மேல்பக்கத்துக்குப் போய்விட்டது. ஆயுதம் எட்டினால்தான் அடி விழும். ஈட்டிக்கு நீளம், இரட்டை வாளுக்கு வேகம். வெறும் சண்டைக்கு இதுவே மேல் என்பேன். அடிபட்டது பதுங்கல்தான். கதை நடப்பது எகிப்தில், பாலைவனத்தில் கூரைக்கு எங்கே போவது?

2018இல் வந்த ‘ஒடிஸி’யில் மறைகத்தியே கிடையாது, ஸ்பார்டா மன்னன் லியோனிடாஸின் உடைந்த ஈட்டிதான். 2020இன் ‘வல்ஹாலா’வில் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரே குத்தில் கொல்லும் வசதியைத் திறந்துகொள்ளலாம். விதியை மாற்றியவர்களுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

நீங்கள் அடுத்து வாங்க வேண்டியது ‘மிராஜ்’ (2023). ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத், நெருக்கமான வீடுகள், கதையும் சின்னது. குத்தினால் சாகிறான். நான்கைந்து பேர் சூழ்ந்தால் மட்டும் நாயகன் பாசிம் திணறுவான், ஓடிவிடுங்கள். கூரையேறுவதே சுகம் என்றால் ‘யூனிட்டி’ (2014): ஏற ஒரு பட்டன், இறங்க ஒரு பட்டன். பாரிஸின் நோத்ர தாம் தேவாலய உச்சியிலிருந்து தெருவரை அழகாக இறங்கலாம். வெளியானபோது பிழைகள் மலிந்து கிடந்தன, பிறகு திருத்தினார்கள். ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் கொம்தார் பக்கம் பழைய டிஸ்க் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் எகிப்து பிரமிடுக்காக அந்த ‘ஆரிஜின்ஸ்’ கேமைக் கேட்கிறான். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, செராஸ்

பதில்: அந்தக் கதையை அவன் ஆட வேண்டாம், ரத்தம் அதிகம். அதிலேயே ‘டிஸ்கவரி டூர்’ என்று ஒன்று இருக்கிறது. சண்டையே இல்லை, பிரமிடுக்குள்ளும் அலெக்சாண்ட்ரியாவிலும் விளக்கம் கேட்டபடி நடக்கலாம். அதை மட்டும் திறந்து கொடுங்கள், கன்ட்ரோலர் அவன் கையில் இருக்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.