பழைய ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய் முழுசாகப் பிரித்தாகிவிட்டது. போல்ட்டெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பழசையே போட்டு டார்க் (முறுக்கும் அளவு) மட்டும் கொஞ்சம் கூட வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

வேண்டாம். டார்க் கூட வைக்கிறேன் என்கிற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

சிலிண்டர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல் மூடியை, போல்ட் பிடித்துக்கொண்டிருப்பதே அது இழுபட்டு நிற்பதால்தான். நீங்கள் ரெஞ்ச்சில் கொடுக்கிற முறுக்கில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் அந்த இழுவிசையாக மாறுகிறது. மீதியெல்லாம் போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் கொஞ்சம் துரு இருந்தால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், பிடிப்பு மட்டும் இருக்காது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பல எஞ்சின்களில் முதலில் ஒரு டார்க், அப்புறம் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கோணத்தில் முறுக்கச் சொல்கிறார்கள். அப்படி முறுக்கும் போல்ட் பெரும்பாலும் வேண்டுமென்றே நிரந்தரமாக நீளும் அளவுக்கு இழுக்கப்படுகிறது. தொய்ந்த எலாஸ்டிக் மாதிரி, கழற்றினால் பழைய அளவுக்குத் திரும்பாது. அதில் இன்னும் எவ்வளவு தாங்குதிறன் மிச்சம் என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்மேல் டார்க்கைக் கூட்டினால் நடுப்பகுதி இன்னும் மெலியும். முறுக்கும்போதே அறுந்தால் அது உங்கள் நல்ல நேரம், லோடு ஏற்றி ஓட்டும்போது விட்டுக்கொடுத்தால் கேஸ்கெட் மறுபடி போகும்.

ஆகவே உங்கள் எஞ்சின் மேனுவலில் கடைசிக் கட்டம் டிகிரியில் இருந்தால் புது போல்ட் வாங்குங்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை அரைகுறையாகக் கேட்டவர்கள்தான் எல்லா எஞ்சினுக்கும் பழசைப் போடுகிறார்கள். லாரி, ஜெனரேட்டர் போன்ற கனரக டீசல் எஞ்சின்கள் சிலவற்றில், கோணத்தில் முறுக்கினாலும் ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். ஆனால் நீள வரம்பும் கொடுத்திருப்பார். தலையின் அடிப்பக்கத்திலிருந்து நுனி வரை வெர்னியரில் அளக்க வேண்டும், வரம்பைத் தாண்டினால் அந்த போல்ட் குப்பைக்கு. நீளம் சரியாக இருந்தாலும் தண்டில் துருக்குழி இருந்தால் கூடாது, எங்காவது இடுப்பு மெலிந்திருந்தால் கூடாது, புது நட்டு ஒன்று மரை முழுக்கக் கையாலேயே ஓடாமல் நடுவில் சிக்கினால் கூடாது. பக்கத்தில் புதுசை வைத்துக் கண்ணால் ஒப்பிடுவது அளப்பதாகாது. மேனுவலில் நீள வரம்பே இல்லையென்றால் உங்களுக்கு இந்த விலக்கும் இல்லை.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட்டில் பேச்சே வேண்டாம், புதுசு. அது அறுந்தால் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பேரிங் இடைவெளி பார்க்க ஒருமுறை முறுக்கிக் கழற்றுவீர்கள், அதற்குப் பழசைப் பயன்படுத்துங்கள். புதுசைக் கடைசி முறுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடத்தில்தான் பெரிய ஏமாற்று. 10.9 என்ற வலிமைத் தரம் போட வேண்டிய இடத்துக்கு 12.9 தருகிறேன், இன்னும் ஸ்ட்ராங் என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். 10.9 என்றால் இழுவலிமை சுமார் 1000 மெகாபாஸ்கல், அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று பொருள். எஞ்சின் அந்தக் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. அதைவிட வலிமை கூடிய போல்ட்டை அதே கோணத்துக்கு முறுக்கினால் பிளாக்கின் மரை பிடுங்கிக்கொள்ளலாம். பழசைக் கழுவி, கறுப்பேற்றி, புதுசு என்று விற்பவர்களும் உண்டு. தலைக்கு அடியில் வட்டமாகத் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பாளர் முத்திரை இல்லாமல் சாதாப் பையில் வரும் போல்ட்டைத் தொடவே வேண்டாம்.

கேஸ்கெட் செட்டை விற்கிறார்கள், போல்ட்டைத் தனியாகக் கேட்டால்தான் எடுக்கிறார்கள். முறுக்கும் அளவுகளையோ பணம் கட்டித்தான் பார்க்க முடியும் என்று பூட்டி வைக்கிறார்கள். தன் எஞ்சினுக்கு என்ன டார்க் என்று உரிமையாளருக்கே தெரியக்கூடாது என்றால் பட்டறையில் ஆளுக்கொரு எண் சொல்லாமல் என்ன செய்வார்கள்? நல்ல கேஸ்கெட் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு அளவுத் தாள் இருக்கும். மெக்கானிக் அதைக் கசக்கி எறியும் முன்னால் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் எந்த அலகு என்று பாருங்கள். 100 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 74 பவுண்ட் அடி. ரெஞ்ச்சின் பவுண்ட் பக்கத்தில் 100 வைத்துவிட்டால் 136 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும், அதுவும் கிளிக் என்று அழகாகத்தான் சத்தம் கொடுக்கும். பிளாக்கின் ஓட்டைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது, காற்றடித்துக் காய வையுங்கள். அடி மூடிய ஓட்டையில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அழுத்தம் போக வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விடும். மேனுவல் எண்ணெய் தடவச் சொன்னால் மரையிலும் தலைக்கு அடியிலும் லேசாக எஞ்சின் ஆயில், அவ்வளவுதான். மாலிப்டினம் கிரீஸ் பூசினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் இழுவிசை ரொம்பக் கூடிவிடும்.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொன்ன வரிசையில், கட்டம் கட்டமாக முறுக்க வேண்டும். கோணத்துக்கு பெயின்ட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இம்பேக்ட் கன் அந்தப் பக்கமே வரக்கூடாது.

எஞ்சின் சூடேறின பிறகு இன்னொரு தடவை டைட் பண்ணட்டுமா என்று மெக்கானிக் நிச்சயம் கேட்பார். வெறும் டார்க்கில் முறுக்கும் பழைய எஞ்சினுக்கு மேனுவலே மறுமுறுக்கு சொல்லியிருந்தால் செய்யட்டும். கோணத்தில் முறுக்கியாகிவிட்டது, மேனுவலிலும் அதைப் பற்றி எதுவும் இல்லை என்றால், அந்த ஹெட் அடுத்த முறை கழற்றும் வரை ரெஞ்ச் அதில் படக்கூடாது.