தீர்ப்பு வந்த பிறகு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் வேலூரில் சட்டம் படிக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த சுற்றுச்சூழல் வழக்கறிஞர் போன மாதம் காலமானார். ஓய்வு பெற்று ரொம்ப நாளாக வீட்டோடுதான் இருந்தார். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும், தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டுப்போன வழக்கில் அவர் உச்ச நீதிமன்றத்தில் வாங்கித்தந்த 1996 தீர்ப்பைப் பற்றியே பேசினார்கள். ஆனால் பாலாறு இன்னும் அப்படியேதானே இருக்கிறது? அவர் வாழ்க்கை வீணாகிவிட்டதோ என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்யும் என் மாமா, ‘நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்ட ஆளு’ என்கிறார். அப்பா கம்பெனி சட்டம் எடு என்கிறார். நான் சுற்றுச்சூழல் சட்டம் எடுக்கலாமா? என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும்?

— ஒரு வாசகி, வேலூர்

அன்புள்ள மாணவிக்கு,

புத்தகங்களை உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். வக்கீல் போன செய்தி வந்ததிலிருந்து எனக்கும் அவர் நினைப்பாகவே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் மாமா. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஷாப்பை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அவரைப் போன்றவர்கள் வீட்டில்தான். ஆனால் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. நீங்களும் படிக்கவில்லை என்று தெரிகிறது. சட்டம் படிக்கிற பெண், அதுவும் வேலூரில் படிக்கிற பெண், அதைப் படிக்காமல் இருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்று ஒப்புக்கொண்டுதான், அதற்காக மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகளைத்தான் மூடச் சொன்னது.

அந்தத் தீர்ப்பை வக்கீல் வாங்கித்தந்ததாகப் பேசியவர்களும் அதைப் புரட்டியதில்லை. 1991இல் வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். தில்லியில் வாதாடியவர் எம்.சி. மேத்தா. அவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கும்படி தமிழக அரசுக்குத் தீர்ப்பிலேயே உத்தரவு இருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. நம்மவர் ஊர் ஊராகப் போய்க் காகிதம் சேர்த்துக் கொடுத்த பலரில் ஒருவர். அதை அவரே சொல்வார்.

அவருடைய பெரிய வேலை தீர்ப்பு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. மாசுபடுத்தியவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியாயிற்று. சரி, யாருக்கு எவ்வளவு நஷ்டம்? அதைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. அப்போதுதான் எனக்கு அவர் பழக்கம். சத்துவாச்சாரியில் அவர் வீட்டு முன்னறை பெஞ்சு முழுக்க விவசாயிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குவார்ட்டர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பழுப்பு நிறத் தண்ணீர். மூடி வழியே கசிந்து காய்ந்ததில் பாட்டில் கழுத்தைச் சுற்றி உப்பு பூத்திருந்தது.

“இத கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்கப்பா. அதிகாரி வந்து எடுத்து சீல் வெச்சாதான் செல்லும்” என்றார் வக்கீல்.

“இன்னா சார், கண்ணுக்கே தெரியுது, இதுக்குப் போயி சீல் வேணுமா?” என்று பெரியவர் கத்தினார்.

வக்கீல் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் பெயர், ஊர், சர்வே நம்பர், தேதி எல்லாம் எழுதி பாட்டிலில் ஒட்டி அலமாரியில் வைத்தார். அப்புறம் பட்டாவை வாங்கிப் பார்த்தார். அது பெரியவரின் செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. அன்று மதியம் வரை அவர் செய்த வேலை, வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுத்ததுதான்.

கூட்டத்தில் இதை யாராவது சொன்னார்களா? நில ஆவணங்களில் சிட்டா கிடைத்தால் அடங்கல் கிடைக்காது. அடங்கல் கிடைத்தால் கூட்டுப்பட்டாவில் தம்பி கையெழுத்துப் போட மாட்டான். ஒவ்வொன்றுக்கும் தாலுகா ஆபீசில் நிற்க வேண்டும். 2001இல் ஆணையம் இழப்பீடு அறிவித்தபோது பட்டியலில் 29,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அத்தனை பேருக்குப் பின்னாலும் இப்படி ஒரு அலைச்சல் உண்டு. பட்டாவே இல்லாதவர்களை நினைத்துத்தான் அவர் அதிகம் நொந்துபோனார். குத்தகைக்கு உழுதவரும் நாற்று நடப் போன பெண்களும் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்று கேட்பார். நிலம் உப்பானபோது அவர்கள் பிழைப்பும்தானே போனது.

இந்த வாழ்க்கையையா வீண் என்கிறீர்கள்? பாலாறு இன்னும் நாறுவதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் கழிவைத் திறந்துவிட்டவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களும். செத்துப்போன வக்கீலிடம் அந்தக் கணக்கைக் கேட்காதீர்கள்.

2025 ஜனவரி 30இல் பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. ஆணையத்தின் 2001, 2009 உத்தரவுகளின்படி இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. நான் சந்தோஷத்தில் அவருக்குப் போன் செய்தேன். குரல் தேய்ந்திருந்தது. “லிஸ்ட் யார்கிட்ட இருக்கு? விட்டுப்போனவங்க பேரு யார்கிட்ட இருக்கு?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தப் பெயர்கள் அவர் அலமாரியில் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அதே தெருவில்தானே இருக்கிறீர்கள்? அந்தக் காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்குள் போய்க் கேட்டு வாங்குங்கள். ஊர்வாரியாகப் பிரித்து வையுங்கள். கையெழுத்து புரியவில்லையென்றால் அவருடைய பழைய குமாஸ்தா படித்துச் சொல்வார். உங்கள் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெயர்கள் பல அவருக்குத் தெரிந்திருக்கும்.