செண்பகத்தின் கடையில் இட்லி வேகட்டும்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் நான்கு வருஷமாக டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் ரோல்பிளே ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஒரே கதையை எழுதி வளர்க்கிறோம். கதை நடப்பது பழைய குன்னூரில். இப்போது 1907-இல் நிற்கிறது. என் பாத்திரம் செண்பகம், ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அவள் அண்ணன் ரத்தினமாக எழுதிய நண்பர் வேலை கிடைத்து பெங்களூரு போனதிலிருந்து எட்டிப் பார்ப்பதே இல்லை. அவர் இல்லாமல் எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. போதாக்குறைக்கு இன்னொருவர் என்னைக் கேட்காமலே ‘செண்பகம் தேம்பி அழுதாள்’ என்று எழுதிவிடுகிறார். ரத்தினத்தைச் சாகடித்துவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். செண்பகத்தை இன்னொருவர் அழவைத்ததற்கு உங்களுக்குக் கோபம் வருகிறதே, ரத்தினத்தை நீங்கள் சாகடித்தால் அதுவும் அதே வேலைதான். ‘ரத்தினத்தை என்ன செய்யட்டும்?’ என்று நண்பருக்கு ஒரு வரி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அவன் பிழைப்புக்காக மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்விட்டான், அவ்வளவுதான். என்றைக்காவது ரயிலேறி வரலாம்.

கடிதத்தோடு அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். அண்ணன் சொன்னது, அண்ணனுக்காகக் காத்திருந்தது, அண்ணன்மேல் கோபப்பட்டது. இட்லிக்கடைக்காரி என்கிறீர்கள், நான்கு வருஷத்தில் அங்கே ஓர் ஈடு இட்லிகூட வேகவில்லை! ரத்தினம் போனதும் கதை நின்றுபோனது அதனால்தான். செண்பகத்துக்கென்று ஒரு கவலையை நீங்கள் கொடுக்கவே இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊரில் தெருக்கூத்து பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தான் யார், எந்த நாடு என்று பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். செண்பகத்துக்கும் அப்படிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். மற்ற நான்கு பேரின் பாத்திரங்கள் அதில் தலைகாட்டக் கூடாது. மூன்றாவது வரியிலேயே ரத்தினம் வந்து நிற்பான், பாருங்கள். அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்கிறீர்களா? கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா, ராத்திரி ஆட்டி வைத்த மாவு மலைக்குளிரில் காலையில் பொங்கியிருக்காது. பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைத்துவிட்டு, நடுராத்திரியில் எழுந்து மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். புளித்த வாசம் வரவில்லை. காலை ரயிலுக்கு என்ன செய்வாள்? இந்தக் கவலைக்கு எந்த அண்ணனும் தேவையில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று சரித்திரத்திலேயே இருக்கிறது. மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும்தான் வந்தது. ஊட்டிக்குப் போகிறவர்களும் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். செண்பகம் பிழைப்பதே அவர்களை நம்பித்தான். 1908-இல் பாதை ஊட்டி வரை நீண்டுவிட்டது. உங்கள் கதைக்கு அது அடுத்த வருஷம்! அதற்கப்புறம் யார் இறங்கி இட்லி சாப்பிடுவார்கள்? கடையை மூடுவாளா, கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவாளா? இதை நீங்கள்தான் முடிவு செய்ய முடியும்.

அழவைப்பவர் விஷயம் சுலபம். இதற்கு ரோல்பிளேக்காரர்கள் ‘காட்மோடிங்’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். கதைக்கு வெளியே, சண்டை இல்லாமல் சொல்லுங்கள்: ‘அவள் கண்முன் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதுங்கள். அதற்கு அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதை நான் எழுதிக்கொள்கிறேன்.’ கதைக்குள்ளேயே அவர் பாத்திரத்தைப் பழிவாங்கப் போகாதீர்கள், அந்தச் சண்டைக்கு முடிவே இருக்காது.

அதற்காக ஒரேயடியாக ஒதுங்கியும் விடாதீர்கள். யாரும் வராத பாத்திரத்தை எழுதுவதற்கு டைரி போதும். நல்லவேளை, நீங்கள் வைத்திருப்பது கடை. யார் வேண்டுமானாலும் பசியோடு வரலாம், செண்பகமும் கை வேலையை விடாமலே பேசலாம்.

நண்பர் இல்லாத வருத்தம் உங்களுக்கும் இருக்கிறது, அதை முழுக்கச் செண்பகம் தலையில் ஏற்றாதீர்கள். அவருக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். அப்புறம், ஊட்டிக்கு ரயில் விட்ட முதல் நாள் ஈட்டில் எத்தனை இட்லி மிஞ்சியது என்பதிலிருந்து அடுத்த காட்சியை ஆரம்பியுங்கள்.