பொய்ப் பேரேடும் மெய் நோட்டீசும்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2021-இல் கைபேசிச் செயலி ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதினேன். 2022-இல் அது புத்தகமாகவும் வந்தது; மறுபதிப்பும் வரப்போகிறது. கதை நடப்பது உப்புக்கோட்டம் என்ற கற்பனை நாட்டில். அங்குள்ள ஏழு வீட்டு வணிகர்களின் வரலாற்றைக் கணக்கர் ஒருவர் ‘உப்புக்கோட்டப் பேரேடு’ என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தியாயங்களுக்கு நடுவே அதன் பக்கங்கள் வரும். கணக்கர் ஒரு புளுகர். ஏழாம் வீட்டுக்காரர் அம்மனின் நெற்றிச்சுட்டியை விற்றுக் கப்பல் வாங்கினார் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதுகிறார். விற்றது கணக்கரேதான் என்பது இருபதாம் அத்தியாயத்தில், ஐந்தொகை என்ற கணக்கு முடிப்பு ஒத்துப்போகாமல் இடிக்கும்போது தெரியவரும். சென்ற வருடம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரில் பேரேட்டின் ஆறு பக்கங்களை ‘பழைய ஓலைச்சுவடியிலிருந்து’ என்று போட்டு, உப்புக்கோட்டத்துக்குப் பதில் எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்து, தல வரலாறாக்கிவிட்டார்கள். என் பெயர் எங்கும் இல்லை. இப்போது எனக்குப் பெரியப்பா முறையாகும் பங்காளி ஒருவர், அந்த ஏழாம் வீடு தங்கள் வீடுதான், தன் பாட்டனாரைத் திருடர் என்று எழுதிவிட்டேன் என்று பத்து லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். கோயில் முதல் மரியாதை வழக்கில் அவருடைய எதிர்த்தரப்பு அந்த மலரையே ஆவணமாகத் தாக்கல் செய்திருக்கிறதாம். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வரச்சொல்கிறார்கள். இதில் என் தவறு என்ன? நான் மலர்க் குழு மீது வழக்குப் போடலாமா? பொய் ஆவணம் உண்டாக்கினேன் என்று என் மேலேயே வழக்கு வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பிய புத்தகத்தையும் மலரையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தேன். அச்சுப்பிழையைக்கூட அப்படியே எடுத்திருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் ‘நெற்றிச்சுடி’ என்று விழுந்த பிழை மலரிலும் இருக்கிறது. பிரதியெடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தப் பக்கத்தை மடக்காமல் வையுங்கள்.

முதலில் நோட்டீஸ். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் குற்றவியல் அவதூறு ஆகலாம் என்பது உண்மை. உங்கள் தொடரும் புத்தகமும் வந்தபோது இருந்தது இந்திய தண்டனைச் சட்டம் 499; 2024 ஜூலை 1 முதல் அதே விதி பாரதிய நியாய சன்ஹிதா 356. இரண்டிலும் விளக்கம் ஒன்றுதான்: அவர் உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயருக்குக் கேடு விளைந்திருக்க வேண்டும், அதோடு குடும்பத்தார் அல்லது நெருங்கிய உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கமும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் இங்கே இடறும். கற்பனை நாடு, கற்பனை வீடு, பொய்யர் என்று கதையே காட்டிக்கொடுக்கும் ஒரு கணக்கர். ஒரு எழுத்தை முழுதாகப் படித்துத்தான் அது அவதூறா என்று பார்ப்பார்கள். மூன்றாம் அத்தியாயத்தின் விஷத்துக்கு இருபதாம் அத்தியாயத்தில் முறிவு இருக்கிறது. செயலியில் வாரம் ஒன்றாக வந்தபோது மூன்றோடு நிறுத்தியவர்கள் இருப்பார்களே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்கட்டும். அப்போதும் அது உப்புக்கோட்டம்தான், உங்கள் ஊர் அல்ல. ஊர்ப் பெயரை ஒட்டியது மலர். இருபதாம் அத்தியாயத்தை விட்டதும் மலர். பாட்டனார் அடையாளம் தெரிய வந்தது அங்கேதான்.

ஒன்று மட்டும் நீங்கள் உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வீட்டைப் பற்றி ஊரில் ஏற்கெனவே ஒரு கிசுகிசு உண்டா? ஆச்சிமார் வளவில் உட்கார்ந்து பேசியது உங்கள் காதில் விழுந்து, அது கதைக்குள் வந்ததா? வந்திருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் கொஞ்சம் பலம் குறையும். ‘அனைத்தும் கற்பனையே’ என்ற முதல் பக்க வரி, தெரிந்தவர்கள் படித்ததும் ஆளை அடையாளம் காண முடிகிறபோது பெரிதாகக் காப்பாற்றாது.

பத்து லட்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இறந்தவரின் நற்பெயருக்காக வாரிசுகள் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது. அந்த உரிமை ஆளோடு போய்விடுகிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கிலும், வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்கமும் மரணத்தோடு முடிகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. காலக்கெடுவும் உங்கள் பக்கம். எழுத்து அவதூறுக்கு நஷ்டஈட்டு வழக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள். குற்றவியல் புகார் மூன்றாண்டுக்குள். 2022 புத்தகத்துக்கு இரண்டும் தாண்டிவிட்டன. அவதூறில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான் தர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ‘சும்மா விசாரிக்க’ அழைத்தால், எழுத்து மூலம் சம்மன் கேளுங்கள்.

அப்புறம், உங்களைவிட எனக்கு அதிகம் கவலை தருவது அந்த மரியாதை வழக்கு. கோயிலில் யாருக்கு வழக்கப்படி மரியாதை என்ற தகராறை இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 63(இ) பிரிவின் கீழ் இணை ஆணையர் விசாரிப்பார். அங்கே ஒரு தரப்பு உங்கள் கணக்கரின் புளுகை நீட்டி, ‘ஏழாம் வீட்டார் அம்மன் நகையை விற்றதால் மரியாதை இழந்தவர்கள்’ என்கிறது. பொது வரலாற்றுக்கு நீதிமன்றம் தகுந்த நூல்களைத் துணைக்குப் பார்க்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வாசலில்தான் நுழையப் பார்க்கிறார்கள். ஒரு குடும்பத்தின் தனி உரிமையை இப்படிப்பட்ட நூலை வைத்து முடிவு செய்வது சரியல்ல என்று வாதிடலாம், வாதிடுவார்கள். ஆனால் மூலச்சுவடி எங்கே என்று யாரும் கேட்காமல் போனால், கும்பாபிஷேக மலர் என்ற மரியாதையே அதற்குப் போதும். முப்பது வருடம் ஒரு பெட்டகத்தில் கிடந்துவிட்டால் அது பழைய ஆவணம் என்ற அந்தஸ்தோடு அடுத்த தலைமுறை வழக்குக்கு வரும்.

அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கு நோட்டீஸ் விட்ட பெரியப்பாவுக்கு இந்த வழக்கில் உங்களைவிடச் சிறந்த சாட்சி கிடையாது! அவருடைய வக்கீல் இதை இன்னும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. யோசித்ததும் ‘நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம், சாட்சி சொல்லுங்கள்’ என்று வருவார்கள். அந்தப் பேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். கைமாறு வாங்கிச் சொன்ன சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்காது. அவர்கள் கேட்கும் முன்னே நீங்களாகவே இணை ஆணையருக்கு ஒரு பிரமாணப் பத்திரம் அனுப்புங்கள்: பேரேடு என் கற்பனை, எந்தச் சுவடியும் இல்லை, கணக்கர் கதாபாத்திரம். கூடவே புத்தகம், கையெழுத்துப் படிகள், செயலியில் பதிவேறிய தேதிகள். மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய அதிநியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத ஸ்க்ரீன்ஷாட்டைத் தள்ளிவிடுவார்கள்.

பொய் ஆவணம் உண்டாக்கியதாக உங்கள் மேல் வழக்கு வருமா என்ற பயம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் தெரிகிறது. வராது. நீதிமன்ற நடவடிக்கையில் சாட்சியமாக வர வேண்டும் என்ற நோக்கத்தோடு உண்டாக்கியிருக்க வேண்டும். கதை எழுதியவருக்கு அந்த நோக்கம் ஏது? தெரிந்தே தாக்கல் செய்தவருக்குத்தான் அந்தத் தலைவலி.

சரி, மலர்க் குழு. பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான். செயலியின் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். கொடுத்திருந்தாலும், எழுதியவர் என்ற பெயருக்கும் எழுத்தைச் சிதைப்பதற்கு எதிராகவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு உரிமை உங்களிடமே இருக்கும். ‘வரலாற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது’ என்பார்கள். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கருத்து, கதைக்கரு, சரித்திரச் செய்தி எதற்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் நடக்காத சரித்திரம் செய்தி ஆகாது, வரிக்கு வரி எடுத்ததற்கு அந்தத் தீர்ப்பு உதவவும் செய்யாது.

சிக்கல் வேறு இடத்தில். உங்கள் முன்னுரையில் ‘கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பெட்டக அறையில் கிடைத்த சுவடி இது’ என்று விளையாட்டாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பினோம், பதிப்புரிமை இருக்கும் என்று நினைக்கவே காரணமில்லை என்று அவர்கள் நிரூபித்தால், 55-ஆம் பிரிவின்படி தடையுத்தரவும் அவர்கள் பெற்ற லாபமும் மட்டுமே கிடைக்கும், நஷ்டஈடு கிடைக்காது. உபயதாரர் வாழ்த்து விளம்பரத்தில் வந்த காசு அச்சுக்கூலிக்கே போயிருக்கும். பணத்துக்காக வழக்குப் போட்டு லாபமில்லை. மீதிப் பிரதிகளில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் திருத்தம் போட வேண்டும், மலர்க் குழுவின் கடிதத்தோடு மலர் இணை ஆணையர் கோப்பிலிருந்து திரும்பப் பெறப்பட வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்புங்கள். மறுத்தால் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். குற்றவியல் புகார் சட்டத்தில் இருக்கிறது; முன்னோர் வழிபாடான படைப்புக்கு ஒன்றாக உட்காரும் பங்காளிகளுக்குள் அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஊர்ப் பெரியவர்கள் அழைப்பு: போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து போடாதீர்கள். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு எழுந்த திருச்செங்கோட்டு விவகாரத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் அமைதிப் பேச்சில் அதிகாரிகள் எழுதி வாங்கிய உறுதிமொழி அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வரும்வரை அவர் பேனாவை மூடி வைத்திருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கையெழுத்தோ இணை ஆணையர் முன்னால், ‘எழுதியது உண்மை என்பதால்தானே மன்னிப்புக் கேட்டார்’ என்று திருப்பிப் படிக்கப்படும்.

மறுபதிப்பு வரப்போவதாகச் சொல்கிறீர்கள். பெட்டக அறை முன்னுரையை எடுக்கச் சொல்ல மாட்டேன், கதைக்கு அது அழகாக இருக்கிறது. பதிப்புரிமைப் பக்கத்தில், உங்கள் பெயரில், முன்னுரையும் பேரேடும் கற்பனை என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ஆனால் மறுபதிப்பு புதிய வெளியீடு, காலக்கெடு புதிதாகத் தொடங்குகிறது என்று வாதிடுவார்கள். ஆகவே நோட்டீஸுக்குப் பதிலும் பிரமாணப் பத்திரமும் போன பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.