பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலையில் ஜல்லி பெயர்வது குறித்து

காட்பாடியில் உங்கள் தெருவில் போட்ட தார்ச்சாலை ஒரே மழைக்குப் பெயர்ந்ததற்குப் பிளாஸ்டிக் கலந்ததே காரணம் என்று நான் கருதவில்லை. கலந்த முறையைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில், ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள ஜல்லியின் மீது பிளாஸ்டிக் துகள்களைத் தூவி, அவை உருகிக் கல்லைப் படலமாகப் போர்த்திய பிறகே தார் சேர்க்க வேண்டும். கருங்கல்லுக்குத் தாரைவிட நீரோடு ஒட்டும் இயல்பு அதிகம் என்பதால், ஜல்லி ஈரமாகவோ சூடு குறைந்தோ இருந்திருந்தால் படலம் பிடிக்காமல், புகுந்த நீர் தாரை உரித்துவிடும்.

பெயர்ந்த கற்களைக் கழுவிப் பாருங்கள். பெரும்பாலானவை வெறுங்கல்லாக வெளுத்திருந்தால் ஒட்டுதல் தவறியிருக்கிறது. கருமை மாறாதிருந்தால் தார் குறைவையோ ரோலர் போதாமையையோ ஐயுறலாம். புதிய கலவை கிடைத்தால், அதன் ஜல்லியை 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். பூச்சு 5 விழுக்காட்டுக்கு மேல் உரியக்கூடாது.

பாலாறு வறண்டாலும் நம் தெருக்களில் தண்ணீர் தேங்கத் தவறுவதில்லை. பக்கக் கால்வாய் இல்லாத இடமானால், இச்சோதனைகளில் தேறிய கலவையும் நெடுநாள் தாங்காது.